பிஷப் கேட்ட சாப்பாட்டுக் கேள்வி

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையில் பிரபுக்கள் சபை கூடப் போகிறது. எங்கு பார்த்தாலும் சிவப்புத் தோல் தைத்த ஆசனங்கள். ஒரு கோடியில் பொன் முலாம் பூசிய சிம்மாசனம். சபைத் தலைவர் உட்காருவது நாற்காலியில் அல்ல. ஆட்டு ரோமம் அடைத்த பெரிய சிவப்பு மெத்தையில்! அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் செல்வமெல்லாம் ஆட்டு ரோம வியாபாரத்தில் இருந்தது என்பதை நினைவுபடுத்தத்தான் இந்த மெத்தை.

வேலை தொடங்குமுன் பிரார்த்தனை. அதைப் படிப்பவர் ஒரு பிஷப். மணிக்கட்டில் சுருக்கி, கை முழுவதும் உப்பி நிற்கும் வெள்ளை அங்கி. அதன் மேல் கையில்லாத கறுப்பு உடை. அவர் படித்து முடிக்கும் வரை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு மாடத்தில் அனுமதி கிடையாது.

பிரார்த்தனை முடிந்தது. பிஷப்பின் வேலையும் முடிந்தது, இனி அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. சிம்மாசனத்துக்குப் பக்கத்து ஆசனத்தில் போய் அமர்ந்துகொள்கிறார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்திருக்கிறார். மோட்சத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் விடுமுறை நாட்களில் ஏழைக் குழந்தைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு சர்க்கார் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேட்கிறார்!

‘ஆண்டவன் சந்நிதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு அடுத்த வீட்டு அடுப்படியில் என்ன வேலை?’ என்று நமக்குத் தோன்றலாம். அந்த நாட்டிலும் பல பேருக்குத் தோன்றத்தான் செய்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

யார் இந்த 26 பேர்?

இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகளில் 26 பேருக்குப் பிரபுக்கள் சபையில் இடம் உண்டு. கான்டர்பரி, யார்க் ஆகிய இரண்டு ஊர்களின் ஆர்ச்பிஷப்புகளும், லண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் பிஷப்புகளும் பதவியேற்ற உடனே இடம் பெறுகிறார்கள். மற்ற 21 பேர் வரிசைப்படி வருகிறார்கள். பிறப்பால் கிடைத்த பட்டமல்ல இது. பதவியோடு வந்து பதவியோடு போய்விடுவது. எழுபது வயதில் ஓய்வு பெற்றால் அந்த ஆசனமும் அடுத்தவருக்குப் போய்விடும்.

பார்லிமெண்ட் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது இந்த வழக்கம். நடுவில் 1642ல் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் மூண்ட சண்டையில் பிஷப்புகளைச் சபையிலிருந்து வெளியேற்றினார்கள். 1661ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் அந்தத் திருச்சபையின் பாதிரியார்கள் யாரும் உட்காரக் கூடாது என்று 1801ல் ஒரு சட்டம் வந்தது. அந்தத் தடை 2001ல்தான் நீங்கியது.

எத்தனையோ நூற்றாண்டுகளாக இந்த ஆசனங்களில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். 2015ல் முதல் முறையாக ஒரு பெண்மணி வந்து அமர்ந்தார். அவர் கிளாஸ்டர் பிஷப் ரேச்சல் டிரவீக்.

இவர்களிடம் இருக்கும் ஆயுதம் என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. வரி, செலவு சம்பந்தமான பண மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரபுக்கள் சபை 1911லேயே இழந்துவிட்டது. எண்ணூற்றுச் சொச்சம் பேர் வரை இருந்திருக்கும் சபையில் 26 ஓட்டு எந்த மூலைக்கு? ஆகவே அவர்களுடைய உண்மையான ஆயுதம் கேள்விதான்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அது நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். கேட்பவர் எழுந்து, தம் பெயரில் உள்ள கேள்வியைக் கேட்க அனுமதி வேண்டுவார். மந்திரி தயாராக எழுதி வந்த பதிலைப் படிப்பார். அதுவரை எல்லாம் பட்டுத் துணி மாதிரி வழவழப்பாக இருக்கும். பிறகு துணைக் கேள்வி வருகிறதே, அதில்தான் காரம்! அது என்னவாக இருக்கும் என்று மந்திரிக்கு முன்னால் தெரியாது. அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். சொன்ன சொல்லை அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது.

பால் பவுடருக்காக ஒரு போராட்டம்

சாப்பாட்டு விஷயத்தில் பிஷப்புகள் தலையிடுவது நேற்று இன்று ஆரம்பித்ததல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தைப் பார்ப்போம்.

1941ல் ஜெர்மானியரும் அவர்களுடைய கூட்டாளிகளும் கிரீஸ் தேசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரியின் கைக்குப் பண்டம் எதுவும் போகக் கூடாது என்று பிரிட்டன் கடல் வழியை அடைத்திருந்தது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் கிரேக்க ஜனங்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மனிதர்கள் பட்டினியால் விழுந்து இறந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கடைசியில் பிரிட்டன் சற்று இளகியது. 1942ல் ஸ்வீடன் நாட்டுக் கப்பல்கள் கனடா கோதுமையைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மேற்பார்வையில் கிரீஸுக்குக் கொண்டுபோயின.

‘கிரீஸுக்குச் செய்ததை மற்ற இடங்களுக்கும் செய்யக் கூடாதா?’ என்று கேட்டவர்களில் முக்கியமானவர் சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல். 1942ல் லண்டனில் அமைந்த பஞ்ச நிவாரணக் குழுவுக்கு அவரே தலைவர். ஈடித் பை என்ற மாது அதன் காரியதரிசி. பெல்ஜியத்திலும் கிரீஸிலும் உள்ள குழந்தைகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் பால் பவுடரும் வைட்டமின் மாத்திரைகளும் அனுப்ப வழி விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. துப்பாக்கி அல்ல, பீரங்கி அல்ல, பால் பவுடர்! பெல் இதைப் பிரபுக்கள் சபையிலும் எடுத்துச் சொன்னார். பிடித்த நாட்டுக்குச் சோறு போடுவது பிடித்தவன் பொறுப்பு என்பது சர்க்காரின் வாதம். பெல்ஜியத்துக்கு முற்றுகையைத் தளர்த்த அது சம்மதிக்கவில்லை.

ஆனால் கேள்வி வீண்போகவில்லை. இதே காரணத்துக்காக ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின. ஆக்ஸ்போர்ட் நகரில் 1942 அக்டோபரில் ஒரு மாதா கோயிலில் கூடிய குழுதான் பிற்பாடு ‘ஆக்ஸ்பாம்’ என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

போர் முடிந்தது. ஜெயித்த நாட்டிலேயே சாப்பாட்டுக் கஷ்டம் தீரவில்லை. 1940ல் தொடங்கிய ரேஷன் 1954 வரை நீடித்தது. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலை என்றால் அந்த வீட்டு எஜமானி எப்படிச் சமாளித்திருப்பாள் என்று பாருங்கள்! போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு தர்மசங்கடம் எழுந்தது. தோற்றுப்போன ஜெர்மனியில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். ‘நம் ரேஷனில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவர்களுக்கு அனுப்பத் தயாரா? தயார் என்றால் ஒரு தபால் கார்டு போடுங்கள்’ என்று 1945ல் விக்டர் கொலான்ஸ் என்ற பதிப்பாளர் இங்கிலாந்து ஜனங்களைக் கேட்டார். பிஷப் பெல் இந்த இயக்கத்துக்குத் துணை நின்றார். பல்லாயிரக்கணக்கான கார்டுகள் வந்து குவிந்தன. நேற்று வரை குண்டு போட்டவன் வீட்டுப் பிள்ளைக்குத் தன் பங்கைக் கொடுக்கச் சம்மதித்த வீடுகள் அவை.

ஆனால் எல்லா வீடும் அப்படி நினைக்கவில்லை. அதே 1945ல் கடை வாசல் க்யூவைப் பார்த்துப் பொறுக்காமல் ஐரின் லவ்லாக் என்ற மாது ‘பிரிட்டிஷ் இல்லத்தரசிகள் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார். மணிக்கணக்கில் நிற்கும் தாய்மார்களுக்காக அவர் குரல் கொடுத்தார். அவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியாரின் மனைவி! பிஷப் ஒரு பக்கம் பகைவனின் குழந்தையை நினைத்தார். பாதிரியார் வீட்டு அம்மாள் இன்னொரு பக்கம் தன் தெருக் குழந்தையை நினைத்தார். யார் சொன்னது தப்பு? உணவுக் கொள்கை என்று பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் கடைசியில் இப்படி யார் தட்டில் எவ்வளவு என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது.

பாலமும் என்ஜினீயரும்

பாதிரியார்கள் அரசியலில் எதுவரை போகலாம்? இதற்கு 1942ல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன வில்லியம் டெம்பிள் ஒரு நல்ல உதாரணம் சொன்னார். பாலம் கட்டும் என்ஜினீயரிடம், பாலம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று திருச்சபை நினைவூட்டலாம். இந்தப் பாலத்தின் வரைபடம் சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலத்தின் மேல் போகிறவர்கள் ஒவ்வொருவராக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தால்? அப்போதும் ‘பத்திரமாகக் கட்டுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? ஐம்பது அறுபது வருஷம் கழித்து வந்த பிஷப்புகளுக்கு இந்தச் சங்கடம்தான் நேர்ந்தது.

சால்ஸ்பரியில் மணி அடித்தது

2000ம் வருஷம். சால்ஸ்பரி நகரில் பாடி ஹெண்டர்சன், காரல் ஹெண்டர்சன் என்று ஒரு தம்பதி. காரலின் தாயார் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு, அந்த அம்மாளின் குடும்பப் பெயரான ‘டிரஸல்’ என்பதையே வைத்து, 1997ல் ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கியிருந்தார்கள். பல்கேரியா நாட்டில் தெருவோரம் தூங்கும் குழந்தைகளுக்கு உதவுவது அதன் வேலை.

ஒரு நாள் அவர்கள் வீட்டு டெலிபோன் மணி அடித்தது. பேசியவள் அதே ஊர்த் தாய் ஒருத்தி. தன் பிள்ளைகள் இன்று ராத்திரி பட்டினியாகப் படுக்கப் போகிறார்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். தூர தேசத்துப் பசிக்கு உதவிக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் டின்களை அடுக்கி, ‘உணவு வங்கி’ ஒன்றை ஆரம்பித்தார்கள்.

பத்து வருஷத்துக்கெல்லாம் இது நாடெங்கும் பரவிவிட்டது. பெரும்பாலும் நடப்பது மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில்தான். டாக்டரோ பள்ளிக்கூடமோ சமூக நல ஊழியரோ ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டைக் கொண்டுபோனால் முதலில் ஒரு கோப்பைத் தேநீர். பிறகு மூன்று நாளைக்கு வேண்டிய சாமான். டின்னில் அடைத்த மீன், காய்கறி, அவரை, பாஸ்தா, கெடாத பால், தேயிலை. அடுப்பு மூட்டக் காசில்லாதவர்களுக்கென்று, வெறும் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடக்கூடிய சாமான்களாகப் பொறுக்கி வைத்த தனிப் பெட்டியும் உண்டு.

2010-11ல் டிரஸல் ஸ்தாபனம் சுமார் 61,000 தடவை இப்படி உணவு கொடுத்தது. 2013-14ல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. 2023-24ல் கொடுத்த மூட்டைகள் 31 லட்சத்துக்கும் மேல். உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றின் கணக்கு இது.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு 12,000க்கு மேல் சரகங்கள் உண்டு. சரகத்துப் பாதிரியார் கண்ணில் படுவது பிஷப்பின் காதுக்கு வரும். ஆகவே மந்திரியிடம் இலாகாக் கணக்கு இருந்தால், பிஷப்பிடம் கூடத்துக் கதவைத் தட்டியவர்களின் கணக்கு இருந்தது. 2014 பிப்ரவரியில் 27 ஆங்கிலிக்கன் பிஷப்புகள் மற்றத் திருச்சபைத் தலைவர்களுடன் சேர்ந்து பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். அதே சமயத்தில் கத்தோலிக்கரின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆர்ச்பிஷப் வின்சென்ட் நிக்கல்ஸும், இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் இது அவமானம் என்று கண்டித்தார்.

அந்த வருஷமே இரண்டு சபை அங்கத்தினர்களையும் கொண்ட விசாரணைக் குழு ஒன்று வேலை செய்தது. காமன்ஸ் சபையின் பிராங்க் ஃபீல்டும், டுரூரோ பிஷப் டிம் தார்ன்டனும் அதன் கூட்டுத் தலைவர்கள். 2014 டிசம்பரில் அறிக்கை வந்தது. பசிக்கு என்ன காரணம் என்று தேடியவர்கள் கண்டது, உணவுத் தட்டுப்பாட்டை அல்ல. சர்க்கார் உதவிப் பணம் தாமதமாவதுதான் பெரிய காரணங்களில் ஒன்று. இன்னொன்று, ஏழைகளே அதிக விலை கொடுக்க வேண்டியிருப்பது. முன்பணம் போட்டால்தான் காஸ் வரும் மீட்டர் ஏழை வீட்டில். அதற்குக் கட்டணமும் அப்போது கூடுதலாக இருந்தது. மறுபக்கம் பெரிய கடைகளில் நல்ல உணவு குப்பைக்குப் போகிறது.

அறிக்கை வெளியான அன்று ஒரு சங்கதி நடந்தது. குழுவிலிருந்த ஒரு சீமாட்டி, ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றும், தாம் அன்று காலையில் குடித்த ஓட்ஸ் கஞ்சிக்கு நாலு பென்ஸ்தான் செலவு என்றும் சொல்லிவிட்டார். நாடே அவர் மேல் பாய்ந்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார். கஞ்சி மலிவுதான், சந்தேகமில்லை. ஆனால் மீட்டரில் காசு இல்லாவிட்டால் நாலு பென்ஸ் கஞ்சியும் வேகாது. இது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குழந்தைக்குப் பசிக்காதா?

இனி இன்னொரு பிஷப்பைப் பார்ப்போம். டர்ஹாம் பிஷப் பால் பட்லர்.

2017 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று சர்க்கார் கொடுக்கும் உதவி, முதல் இரண்டு குழந்தைகளோடு நின்றுவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த மூன்றாவது, நாலாவது குழந்தைக்குச் சில விதிவிலக்குகள் தவிரக் கிடையாது. ஒரு குழந்தைக்கு வருஷத்தில் ஏறத்தாழ 3,500 பவுன் நஷ்டம். உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பம் தன் வருவாய்க்குத் தக்கபடிதானே பிள்ளை பெறுகிறது, உதவி வாங்கும் குடும்பமும் அப்படியே யோசிக்கட்டும் என்பது சர்க்காரின் நியாயம். அதை ஒப்புக்கொண்டவர்களும் நாட்டில் ஏராளம்.

பிஷப் பட்லர் ஒப்புக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் போட்ட கணக்கு சரியோ தப்போ, பிறந்துவிட்ட குழந்தை என்ன செய்தது? வேலை போவதையும் வியாதி வருவதையும் முன்கூட்டி அறிந்து யார் பிள்ளை பெறுகிறார்கள்? உதவி குறைந்தால் மூன்றாவது குழந்தையின் தட்டு மட்டுமா குறைகிறது? நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும்: இருப்பதை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, அம்மா ‘எனக்குப் பசியில்லை’ என்பாள். பட்லர் கேள்வியோடு நிற்காமல், விதியையே நீக்கச் சொல்லி 2022ல் சபையில் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். ஜூலை மாதம் அதன் மீது விவாதம் நடந்தது. மசோதா சட்டமாகவில்லை. 2024ல் பட்லர் ஓய்வு பெற்றுவிட்டார்.

2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு நீக்கப்படும் என்று அறிவித்தார். பிஷப் ஒருவரால் நடந்ததா இது? இல்லை. தர்ம ஸ்தாபனங்கள், ஆராய்ச்சியாளர்கள், காமன்ஸ் அங்கத்தினர்கள் என்று எத்தனையோ பேர் எட்டு வருஷம் தட்டிய கதவு அது. தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

எதிர்த் தரப்பு வாதத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அதுவும் பலமான வாதம்தான். பிரிட்டனில் எத்தனையோ மதத்தார் இருக்கிறார்கள். மதமே வேண்டாம் என்பவர்களும் ஏராளம். ஒரே ஒரு திருச்சபைக்கு மட்டும் 26 இடம் எதற்கு? அதுவும் இங்கிலாந்துக்கு மட்டுமே உரிய திருச்சபை. வேல்ஸில் 1920லேயே திருச்சபையையும் அரசையும் பிரித்துவிட்டார்கள். ஓட்டு வாங்காதவர், ஓட்டு வாங்கி வந்தவர்களின் சர்க்காரைக் குறுக்குக் கேள்வி கேட்பது ஜனநாயகமா என்று கேட்பவர்களுக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது.

இன்னொரு கேள்வி திருச்சபைக்கு உள்ளேயே உண்டு. பசித்தவனுக்கு ரொட்டி கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது, சர்க்காரோடு மல்லுக்கு நிற்பானேன் என்று கேட்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். மூட்டை கட்டுவது புண்ணியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாரா வாரம் மூட்டை கட்டுகிறவர்கள், போன வருஷத்தைவிட இந்த வருஷம் க்யூ ஏன் நீளமாயிருக்கிறது என்று ஒரு நாள் கேட்காமல் இருக்க முடியாது. அப்படிக் கேட்ட கேள்வியைத்தான் வெள்ளை அங்கிக்காரர் சபைக்கு எடுத்துச் செல்கிறார்.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சபைக்கு இந்தக் கேள்வியை முதலில் அனுப்பியவர் பிஷப்பும் அல்ல, பிரபுவும் அல்ல. சால்ஸ்பரியில் டெலிபோனை எடுத்துப் பேசினாளே, பெயர் தெரியாத அந்தத் தாய், அவள்தான். பிள்ளைகள் பட்டினியாகப் படுக்கப் போகிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று அன்று கேட்டாள். அந்தத் தம்பதி கொட்டகையில் டின் அடுக்கிப் பதில் சொன்னார்கள். பிஷப்புகள் அதே கேள்வியை மந்திரிகளிடம் கேட்டார்கள். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் எவ்வளவு மரியாதையான வார்த்தைகளில் வந்தாலும், அது ஒரு தாய் அடுப்படியிலிருந்து கேட்ட கேள்விதான்.